ஆயுத பூஜைப் பூமாலையில் இருந்து முளைத்த செண்டுமல்லி: இடுப்பு உயரம் வந்தும் மொட்டைக் காணோம்

பட்டறைவீட்டு அம்மணி
27 ஆகஸ்ட், இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். கோவை கணபதியில் வீடு. வீட்டை ஒட்டியே எங்கள் லேத் பட்டறை. போன ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் போட்ட செண்டுமல்லி மாலையைத் தூக்கிப் போட மனசு வராமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஜூன் 10 வாக்கில் அந்தக் காய்ந்த பூக்களை உதிர்த்துப் பாத்தியில் தூவினேன். அவ்வளவு பெரிய மாலைக்கு முளைத்தது 17 செடிதான். மூன்றை நத்தை தின்றுவிட்டது. மிச்சம் 14.

எட்டுச் செடி காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தரையில் இருக்கிறது. ஆறு மாடியில் குரோ பேக்கில். தரையில் இருப்பவை என் இடுப்பு உயரம் வந்துவிட்டன, இலை கருகருவென்று இருக்கிறது, மொட்டு என்று ஒன்று கூட இல்லை. மாடியில் இருப்பவை முழங்காலைத் தாண்டவில்லை, இலை ஓரமெல்லாம் பொசுங்கினாற்போல் இருக்கிறது. ஆனால் அதில்தான் மொட்டு வைக்கிறது! வாராவாரம் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறேன்.

அக்டோபர் 14 ஆயுத பூஜை. இந்த வருஷம் நான் வளர்த்த பூவில்தான் மெஷினுக்கு மாலை என்று வீட்டுக்காரரிடம் சவால் விட்டுவிட்டேன். மானம் தப்புமா?


சத்திப் பூக்காட்டான்
27 ஆகஸ்ட், இரவு 10:25

முதலில் அந்தப் புண்ணாக்குத் தண்ணியை நிறுத்துங்க அம்மணி. கடலைப் புண்ணாக்கு நல்ல உரம்தான், ஆனால் அதில் தழைச்சத்து ஜாஸ்தி. வாரம் தவறாமல் ஊற்றினால் செடி இலையாகவே விட்டுக்கொண்டு போகும், பூக்க வேண்டிய அவசரமே அதற்கு வராது. செண்டுமல்லியைக் கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூவெடுக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி விழுந்து விழுந்து கவனித்தால் இப்படித்தான் ஆகும்.

கொழுந்து கிள்ளினீங்களா? நாங்கள் நாற்று நட்ட 30ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிடுவோம். பக்கக் கிளை நாலைந்து விடும், கிளைக்குக் கிளை பூ வரும். கிள்ளாத செடி ஒற்றைக்கம்பாகப் போய் மேலே ஒரு பெரிய பூவை வைத்துவிட்டு நிற்கும். ஆனால் இப்போது கிள்ளாதீங்க. இனிமேல் கிள்ளினால் பூ இன்னும் தள்ளிப் போய்விடும்.

இடைவெளி எவ்வளவு விட்டீங்க? எங்கள் காட்டில் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 35. நட்டு 60 நாளில் முதல் பறிப்பு, அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை. வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்றும் சொல்லுங்க. 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் கஷ்டம்.


மாடியில் மண்வாசம்
28 ஆகஸ்ட், காலை 6:40

மாடிச் செடிக்கு நான் சொல்கிறேன் அக்கா. குரோ பேக்கில் என்ன கலவை? பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வரும் தென்னை நார்க்கழிவு என்றால், கழுவாமல் அப்படியே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கட்டி வாங்கி ஊறவைத்து உதிர்த்தால் போதாது. அதில் உப்பு இருக்கும். மூன்று தடவையாவது தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கலக்க வேண்டும். இலை நடுவில் பச்சையாக இருந்து ஓரம் மட்டும் கருகினால் பெரும்பாலும் உப்புதான். அதன் மேல் போர் தண்ணியும் ஊற்றினால் உப்புக்கு உப்பு.

நானும் முதல் வருஷம் இதே வேலை பார்த்தேன். 20 பை. அந்தச் சோகம் இப்போது வேண்டாம்.


பட்டறைவீட்டு அம்மணி
28 ஆகஸ்ட், காலை 11:15

நார்க்கழிவு பொள்ளாச்சிதான், கழுவவில்லை. தண்ணி போர்தான். சிறுவாணித் தண்ணி குடிக்கவே அளந்து வருகிறது, செடிக்கு எங்கே ஊற்றுவது! கொழுந்து கிள்ளவில்லை. இடைவெளியும் அளக்கவில்லை, ஒரு சாண் விட்டேன். தரைப் பாத்திக்குக் காலை 9 மணியில் இருந்து 2 மணி வரை வெயில் இருக்கிறது, அப்புறம் பக்கத்து வீட்டு மாடி மறைத்துவிடும்.

புண்ணாக்கை இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன்.


தாமிரபரணி மருமகள்
28 ஆகஸ்ட், மதியம் 1:30

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். ஈரோட்டுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் கடையில் ‘கேந்தி கொடுங்க’ என்றேன், பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஊரில் இது கேந்திப்பூ. இங்கே செண்டுமல்லி. என் மாமியார் துலுக்கச் சாமந்தி என்பார். மல்லிக்கும் இதற்கும் என்ன உறவு, மணமாவது ஒத்துப்போகிறதா?


பழைய வாத்தியார், கோபி
28 ஆகஸ்ட், இரவு 7:45

மருமகளுக்கு: மல்லிக்கு உறவே கிடையாது. சாமந்திக்கும் சூரியகாந்திக்கும் தூரத்து ஒரம்பரை, அவ்வளவுதான். சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். அதனால்தான் சங்கப் பாட்டில் காந்தள் இருக்கும், வேங்கை இருக்கும், இது இருக்காது. கொலம்பஸ் பயணத்துக்கு அப்புறம் கப்பலேறி வந்த பூ. வந்த பூ நம் சாமி கழுத்தில் இப்படி உட்கார்ந்துகொண்டது!

பட்டறை அம்மணிக்கு ஒரு கேள்வி. 40 வருஷம் தாவரவியல் நடத்தியவன், சந்தேகம் கேட்பது தொழில் தோஷம். தரைப் பாத்திக்குப் பக்கத்தில் ராத்திரி விளக்கு ஏதாவது எரிகிறதா?


பட்டறைவீட்டு அம்மணி
28 ஆகஸ்ட், இரவு 9:10

எரிகிறதுங்க சார். பட்டறை வாசலில் 50 வாட் எல்இடி ஃபோகஸ் லைட், நேராகப் பாத்தி மேலேதான் அடிக்கும். நைட் ஷிப்ட் ஓடுவதால் பொழுதோட போட்டால் 11:30க்குத்தான் அணைப்போம். ஏனுங்க?


சத்திப் பூக்காட்டான்
28 ஆகஸ்ட், இரவு 9:30

வாத்தியாரே, ராத்திரி லைட்டுக்கும் பூவுக்கும் என்னங்க சம்பந்தம்? என் காட்டில் மோட்டார் ரூம் லைட் ராத்திரி பூரா எரிகிறது. அதற்கு அக்கட்டால இருக்கும் செண்டுமல்லியும் பூக்கத்தான் செய்கிறது. பாவம், அந்த அம்மாவை வீணாகக் குழப்பாதீங்க. புண்ணாக்கும் பத்தாத வெயிலும்தான் காரணம்.


பழைய வாத்தியார், கோபி
29 ஆகஸ்ட், காலை 5:50

தம்பி சொல்வதும் சரிதான், புண்ணாக்கை நான் விட்டுவிடவில்லை. ஆனால் கேளுங்கள்.

பெரிய பூ வைக்கும் உயர ரகச் செண்டுமல்லி குறும்பகல் தாவரம். பகல் குறைந்து இரவு நீளும்போது சீக்கிரம் மொட்டு வைக்கும். நீண்ட பகலில் பூக்கவே பூக்காது என்பதில்லை, தள்ளிப்போடும், அதற்குள் உயரமாக வளர்ந்துவிடும். உண்மையில் செடி பகலை எண்ணுவதில்லை, இருட்டின் நீளத்தைத்தான் எண்ணுகிறது. நம் பக்கம் ஜூன் மாத நீண்ட பகலே ஏறத்தாழ 12¾ மணி நேரம்தான், டிசம்பரில் 11½. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் அது காலம் பார்க்கிறது. அம்மணியின் பாத்திக்கோ காலை 6 மணிக்கு விடிந்து ராத்திரி 11:30க்குத்தான் இருட்டுகிறது. 17 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். லண்டனில் கூட ஜூன் பகல் 17 மணியைத் தொடாது. கணபதியில் இருக்கும் செடிக்கு அது எந்தத் தேசம் என்றே தெரியவில்லை.

இலையில் இதைக் கணக்கெடுக்கும் நிறமிக்குக் கொஞ்சம் வெளிச்சமே போதும். இலை தனக்குச் சாப்பாடு சமைக்கிற வெளிச்சம் வேறு, மணி பார்க்கிற வெளிச்சம் வேறு. பாலிஹவுஸில் சாமந்தி வளர்ப்பவர்கள் ராத்திரி பல்பு போட்டுப் பூவைத் தள்ளிவைப்பதும் இந்த வித்தையால்தான்.

தம்பி, உங்கள் மோட்டார் ரூம் பல்பு எத்தனை வாட், செடி எத்தனை அடி தள்ளி இருக்கிறது? தூரம் கூடினால் வெளிச்சம் வேகமாகக் குறையும். 30 அடி தள்ளி ஒரு சின்ன பல்பு இருப்பது செடிக்கு நிலா மாதிரி. தலைக்கு மேல் ஃபோகஸ் லைட் என்பது வேறு கதை.

ஒன்று செய்யுங்கள் அம்மணி. எட்டில் எதாவது ஒரு செடிக்கு விளக்கு வெளிச்சம் மறைகிறதா என்று இன்று ராத்திரி போய்ப் பாருங்கள். மறைந்தால் அந்தச் செடியின் நுனியைத் தொட்டுப் பாருங்கள்.


நாமக்கல் கோழிப்பண்ணை
29 ஆகஸ்ட், மதியம் 12:20

பூ வந்ததும் வாடினதைக் குப்பையில் போடாதீங்க, காய வைத்து வீட்டுக் கோழிக்குப் போடுங்க. முட்டை மஞ்சள் கருவின் நிறம் கோழி தின்னும் தீவனத்தில் இருந்து வருவது, கோழியால் அதைத் தானாக உண்டாக்க முடியாது. மக்காச்சோளம் கொஞ்சம் கொடுக்கும். நல்ல ஆரஞ்சு நிறம் வேண்டும் என்றால் செண்டுமல்லி இதழில் இருந்து எடுத்த சாயத்தைத் தீவனத்தில் கலப்பார்கள். திம்பம் மலையேறி அந்தப் பக்கம் சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டையில் இந்தப் பூவை ஏக்கர் ஏக்கராகப் போடுவதில் பெரும்பகுதி மாலைக்கு இல்லை, சாயத்துக்குத்தான். ஆனால் கடையில் வாங்கின மாலைப் பூவைக் கோழிக்குப் போடாதீங்க. எத்தனை மருந்து அடித்திருப்பார்களோ.


சத்திப் பூக்காட்டான்
29 ஆகஸ்ட், மதியம் 12:45

அடித்திருப்போம்தான். பூச்சி விழுந்த பூவை யார் வாங்குகிறீங்க, சொல்லுங்க?


பட்டறைவீட்டு அம்மணி
29 ஆகஸ்ட், இரவு 10:05

சார்! கை நடுங்குகிறது, தப்புத்தப்பாக டைப் ஆகிறது.

பாத்திக் கடைசியில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு செடி. விளக்கு போட்டால் தொட்டியின் நிழல் சரியாக அந்த இரண்டின் மேல் விழுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டிலும் நுனியில் பட்டாணி அளவுக்கு மொட்டு! இலை மறைவில் இருந்ததால் இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. அதே மண், அதே புண்ணாக்குத் தண்ணி, அதே 5 மணி நேர வெயில். மற்ற ஆறில் சல்லடை போட்டுத் தேடினேன், ஒன்றும் இல்லை. மாடிக்கும் அந்த விளக்கு எட்டாது.


சத்திப் பூக்காட்டான்
29 ஆகஸ்ட், இரவு 10:20

சரிங்க வாத்தியாரே. நாளைக்கே என் மோட்டார் ரூமைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டு வருகிறேன்.


மாடியில் மண்வாசம்
30 ஆகஸ்ட், காலை 7:00

மாலையில் இருந்து விதை எடுப்பதைப் பற்றி ஒன்று. மாலைக்குப் பறிப்பது அன்றலர்ந்த பூ. அதில் விதை முற்றியே இருக்காது. அதனால்தான் உங்களுக்கு 17 மட்டும் முளைத்தது. இதழ் என்று நாம் பிய்ப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, அடியில் ஊசி மாதிரி விதை இருக்கும். முற்றினது கறுப்பாக, தொட்டால் விறைப்பாக இருக்கும். வெளுத்து வளைந்தால் பதர். இன்னொன்று, சந்தைப் பூ பெரும்பாலும் வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகம். அந்த விதையில் தாய் மாதிரியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உருண்டைப் பூவுக்குப் பதில் ஒற்றை அடுக்கு வரலாம், நிறம் மாறலாம். நிச்சயம் வேண்டும் என்றால் பூசா நாரங்கி, பூசா பசந்தி மாதிரி ரக விதை வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது ஆரஞ்சு, இரண்டாவது மஞ்சள்.


உடுமலைக் காத்து
30 ஆகஸ்ட், மாலை 4:10

இடுப்பு உயரம் வந்தும் முட்டுக் கொடுக்கவில்லையா? கோவையில் நீங்கள் பிழைத்தீர்கள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. காற்றாலைக்காரன் சிரிப்பான், செண்டுமல்லிக்காரன் அழுவான். செடியை வேரோடு சாய்க்கும், இல்லாவிட்டால் கிளையைத் தண்டோடு பிளந்துவிடும். சோளத்தட்டு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள், நடும்போதே தண்டில் இரண்டு விரல் மண்ணுக்குள் போகிற மாதிரி நட்டால் அங்கேயும் வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். பூவெடுத்த பின் மழையில் நனைந்தால் தலைக்கனம் வேறு.

இன்னொரு வயிற்றெரிச்சல். ‘தக்காளிக்கு நடுவில் ஒரு செண்டுமல்லி வை, பூச்சியே வராது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வராமல் இல்லை, பூச்சி இதைத் தேடித்தான் வரும்! காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டு இதன் மொட்டில் முட்டை வைக்கும், அதற்காகத்தான் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயர ரகம் நடச் சொல்கிறார்கள். அதுவும் 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நடவேண்டும், அப்போதுதான் பூ சரியான நேரத்துக்கு வரும். புழு விழுந்த பூவைப் பறித்து அழிக்காவிட்டால் நாமே புழுப் பண்ணை வைத்த மாதிரி.

வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு இது மருந்து என்கிற கதையும் அப்படியே. இதன் வேர் நூற்புழுவை அடக்குவது உண்மை. ஆனால் நெருக்கமாக நட்டு இரண்டு மாதமாவது வைத்திருந்த நிலத்தில்தான் அது வேலை செய்யும், ஓரத்தில் அழகுக்கு நட்ட ஒரு செடியில் இல்லை.


பட்டறைவீட்டு அம்மணி
2 செப்டம்பர், இரவு 8:30

வேலை நடந்துவிட்டது. விளக்கை அணைக்க முடியாது, ஆள் வேலை செய்கிறார்கள். வீட்டுக்காரர் முதலில் ‘ஒரு பூவுக்காக ஷிப்டை நிறுத்தச் சொல்வாய் போல’ என்றார். அப்புறம் அவரே தகரத்தை வெட்டி வளைத்து விளக்குக்கு ஒரு மறைப்பு செய்து மாட்டினார். இப்போது வெளிச்சம் வாசலில் மட்டும் விழுகிறது, பாத்தி இருட்டு. சோளத்தட்டுக்குப் பதில் பட்டறையில் கிடந்த கம்பிகளை நட்டுக் கட்டிவிட்டேன்.

மாடிப் பைகளில் ஞாயிற்றுக்கிழமை மழைத் தண்ணி பிடித்து, அடியில் ஒழுகும் வரை மூன்று தடவை ஊற்றிக் கழுவினேன். வடிந்த தண்ணி காபி நிறத்தில் வந்தது.


பழைய வாத்தியார், கோபி
2 செப்டம்பர், இரவு 9:00

மறைப்பு நல்ல யோசனை. ஆனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாறக் கூடாது. இன்றிலிருந்து மொட்டு தெரிய மூன்று வாரமாவது ஆகும், அது விரிய இன்னும் மூன்று நாலு வாரம். ஆறு செடியும் பூஜைக்கு வருவது சந்தேகம். தொட்டி மறைவில் இருக்கும் இரண்டும் மாடியும்தான் உங்கள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.


பட்டறைவீட்டு அம்மணி
21 செப்டம்பர், காலை 10:40

தொட்டிப் பின்னால் இருப்பவை விரியத் தொடங்கிவிட்டன. இந்தத் தடவை மாடியில் புதுப் பிரச்சனை. புதுத் தளிர் பச்சையாகத்தான் வந்தது, ஆனால் கீழ் இலையெல்லாம் புள்ளி புள்ளியாக வெளுக்கிறது, நுனியில் மெல்லிசாக நூலாம்படை.


மாடியில் மண்வாசம்
21 செப்டம்பர், காலை 11:05

செம்பேன். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள், மிளகாய்ப்பொடி நகர்கிற மாதிரி தெரியும். மழையில்லாமல் மாடி காய்ந்தால் வந்துவிடும். மோசமான இலைகளைப் பறித்துவிட்டு, இலைக்கு அடிப்பக்கம் படும்படி காலையில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் விடாமல் செய்யுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்கக் கொஞ்சம் காதி சோப், வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். மொட்டை வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை வெந்துவிடும்.


பட்டறைவீட்டு அம்மணி
14 அக்டோபர், இரவு 9:20

பூஜை முடிந்தது. தொட்டி மறைவுச் செடி இரண்டு, மாடியில் நாலு (இரண்டைச் செம்பேன் கொண்டுபோய்விட்டது), எல்லாம் சேர்த்து 37 பூ. பட்டறையில் ஐந்து மெஷின். என் பூ பழைய லேத் ஒன்றுக்கு மட்டும் ஒரு முழ மாலையாக ஆனது. மற்ற நாலுக்கும் மாலை வாங்கினோம். சவாலில் ஐந்தில் ஒரு பங்கு ஜெயித்தேன் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆறு செடியிலும் மொட்டு இருக்கிறது சார், நீங்கள் சொன்ன கணக்குப்படியே.


பழைய வாத்தியார், கோபி
15 அக்டோபர், காலை 6:00

இதன் பூர்வீக ஊரில் நவம்பர் 1, 2 தேதிகளில் செத்துப்போன முன்னோர்களுக்கு வீட்டு வாசலில் இருந்து படையல் வரை இந்தப் பூவால் பாதை போடுவார்கள். அங்கத்திய பழங்குடி மொழியான நவாட்லில் இதன் பெயருக்கு ‘இருபது பூ’ என்று அர்த்தம். அங்கேயும் பகல் குறையும்போது பூத்து நிற்பதால் அந்தப் படையல், இங்கே ஆயுத பூஜையும் தீபாவளியும். இருட்டு நீள்வதை இரண்டு ஊர்ச் செடியும் ஒரே மாதிரி எண்ணுகிறது.


சத்திப் பூக்காட்டான்
15 அக்டோபர், காலை 6:30

அளந்து பார்த்துவிட்டேன் வாத்தியாரே. மோட்டார் ரூமில் இருந்து முதல் வரிசை 40 அடி. பல்பு 9 வாட். நீங்கள் சொன்ன நிலாதான்.


பட்டறைவீட்டு அம்மணி
7 நவம்பர், மாலை 5:15

ஆறு செடியும் பூத்துவிட்டது. நாலு நல்ல உருண்டை ஆரஞ்சு, ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று ஒற்றை அடுக்கில் காட்டுப்பூ மாதிரி, அதைத்தான் தேனீ மொய்க்கிறது. முதல் பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டிருக்கிறேன். அடிக்கிண்ணம் பச்சை போய்ப் பழுப்பானதும் எடுப்பேன். விதை கேட்ட மூன்று பேருக்கும் அனுப்புகிறேன். ஒற்றை அடுக்கு முளைத்தால் என்னைத் திட்டக் கூடாது.

தகர மறைப்பைக் கழற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். ‘இருக்கட்டும், அடுத்த வருஷம் அஞ்சு மெஷினுக்கும் வேணுமல்ல’ என்கிறார்.